பொறியியல் சேரும் முன்: உங்கள் பள்ளிப் பாடங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

பொறியியல் படிக்க நினைக்கும் மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: "எனக்கு இயற்பியல் நன்றாக வரும், கணக்கு சுமார்தான். என்னால் சமாளிக்க முடியுமா?" இன்னும் சிலர், "கணக்கில் நல்ல மதிப்பெண், ஆனால் வேதியியல் பிடிக்கவே பிடிக்காது" என்பார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவருக்கு ஒவ்வொரு சூத்திரமும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். இன்னொருவர் மாதிரி வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டு, எந்த வகைக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்று பழகியிருப்பார். பள்ளித் தேர்வு இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது. பொறியியலின் முதல் பருவம் காட்டிவிடும்.

அதனால் எந்தப் பாடத்தில் பலம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்தப் பாடத்துக்குள் எந்தப் பகுதி, எந்த அளவுக்குத் தெரியும் என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் படி: மதிப்பெண்ணை விட்டுவிட்டு அத்தியாயங்களை எழுதுங்கள்

கடைசி இரண்டு வருடப் பாடப் புத்தகங்களின் பொருளடக்கத்தைத் திறந்து, நோட்டின் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவற்றில் ஒன்றில் எழுதுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நண்பருக்கு விளக்க முடியும் என்றால் முதல் பத்தி. கேள்வி வந்தால் விடை வரும், ஆனால் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் தெரியாது என்றால் இரண்டாவது. தேர்வுக்காக விட்டுவிட்டது, அல்லது மனப்பாடம் செய்து எழுதி மறந்தது மூன்றாவது.

நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்குக்கூட இரண்டாவது பத்திதான் நீளமாக வரும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் வேலைப் பட்டியல் அதுதான். மூன்றாவது பத்தியில் இருப்பது தெரியாது என்று உங்களுக்கே தெரியும், எனவே அதைப் படித்துக்கொள்வீர்கள். இரண்டாவது பத்தியில் இருப்பதைத் தெரிந்ததாக எண்ணிக் கல்லூரிக்குப் போவீர்கள். சிக்கல் அங்கேதான் வரும்.

இரண்டாம் படி: கணக்கு

பொறியியலுக்கு எந்தப் பாடம் முக்கியம் என்று ஒரே வார்த்தையில் கேட்டால் கணக்கு என்றுதான் சொல்வேன். முதலாண்டு வெற்றியைப் பற்றிய ஆய்வுகளிலும் கணக்கில் உள்ள தயார்நிலை திரும்பத் திரும்ப முன்னுக்கு வருகிறது. ஆனால் அதற்காகக் கணக்கில் மேதையாக இருக்கத் தேவையில்லை. மற்ற பாடங்கள் எல்லாம் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பாரம் தாங்கும் உத்திரம் வளைவதும், குழாயில் திரவம் ஓடுவதும், மின்சுற்றில் மின்னோட்டம் ஏறி இறங்குவதும் சமன்பாடுகளாகத்தான் வரும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது, "இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் எப்படிப் போனது?" என்று நீங்கள் இயற்கணிதத்திலேயே நின்றுவிட்டால், அவர் சொல்ல வந்த பொறியியல் காதில் விழாது.

இப்போது மூன்று சின்னச் சோதனைகள்.

ஒன்று: தனி ஊசலின் அலைவுக்காலச் சூத்திரத்தை எழுதுங்கள். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைப் பிரித்தெடுங்கள். 4 பை வர்க்கத்தை ஊசலின் நீளத்தால் பெருக்கி, அலைவுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தது என்று விடை வர வேண்டும். விடையைவிட, அது தயக்கமில்லாமல் வந்ததா என்பதைக் கவனியுங்கள். முதலாண்டில் இப்படிச் சூத்திரத்தைத் திருப்புகிற வேலை தினமும் இருக்கும்.

இரண்டு: ஒரு வண்டி நின்ற இடத்திலிருந்து 10 வினாடியில் சீராக 20 மீட்டர்/வினாடி வேகத்தை அடைகிறது. அதே வேகத்தில் 20 வினாடி ஓடுகிறது. பிறகு 5 வினாடியில் சீராக நிற்கிறது. வேகத்துக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரைந்து, மொத்தத் தூரத்தையும் ஒவ்வொரு கட்டத்தின் முடுக்கத்தையும் சொல்லுங்கள். எந்தச் சூத்திரத்தையும் எழுதாமல், வரைபடத்தின் அடியில் உள்ள பரப்பு 100, 400, 50, மொத்தம் 550 மீட்டர் என்றும், சாய்வு 2, 0, எதிர்க்குறி 4 என்றும் பார்த்தவுடன் சொன்னால் நுண்கணிதத்தின் உயிர் உங்களிடம் இருக்கிறது. வகைக்கெழு என்பது சாய்வு, தொகையீடு என்பது பரப்பு. இது உறுதியாக இல்லாமல் ஐம்பது தொகையீட்டுச் சூத்திரம் தெரிந்திருந்தும் பயன் குறைவு.

மூன்று: 30 டிகிரி சாய்தளத்தில் ஒரு பெட்டி. அதன் எடையில் சரிவை நோக்கி இழுக்கும் பங்குக்கு சைன் வருமா, காஸ் வருமா? மனப்பாடம் தேவையில்லை. தளத்தைக் கிடையாக்கிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். கோணம் பூஜ்யம், சரிவும் இல்லை, இழுப்பும் இல்லை. பூஜ்யக் கோணத்தில் பூஜ்யம் தருவது சைன். எனவே சைன். இப்படி எல்லையில் உள்ள நிலையை வைத்து விடையைச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் பள்ளியில் அதிகம் கிடைக்காது. பொறியாளருக்கு இது கடைசி வரை உதவும்.

எந்த அத்தியாயங்களுக்கு முன்னுரிமை? என் வரிசை இது: இயற்கணிதம், முக்கோணவியல், மடக்கையும் அடுக்குக்குறியும், வகையீடு, தொகையீடு, திசையன்கள், அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவு. வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பள்ளியில் தொட்டுப் பார்த்திருந்தால் நல்லது. தேர்வில் மதிப்பெண் தரும் தந்திரமான தொகையீடுகளில் நேரத்தை இறைக்க வேண்டாம். ஒரு சூழ்நிலையைச் சமன்பாடாக எழுதத் தெரிவதுதான் அதிகம் தேவைப்படும். தீர்க்கும் வேலையில் கணினி துணைக்கு வரும்.

கலப்பெண்களைப் பட்டியலில் பார்த்துச் சிலர் ஆச்சரியப்படலாம். கற்பனை எண்ணுக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று பள்ளியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1893 வாக்கில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர், மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளைக் கலப்பெண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பொறியாளர்கள் முன் வைத்தார். வகைக்கெழுச் சமன்பாட்டைப் போட்டுத் திணற வேண்டிய இடத்தில் சாதாரணக் கூட்டல் பெருக்கல் போதும் என்றானது. எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இன்றும் அந்த முறையில்தான் தொடங்குகிறார்கள்.

கணக்கின் உண்மையான வலிமை தெரிய வேண்டுமென்றால் இன்னொன்றைப் பாருங்கள். சுருள்வில்லில் தொங்கி ஆடி, உராய்வால் மெல்ல அடங்கும் எடை ஒன்று. மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றும் தொடராக இணைந்த மின்சுற்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வடிவச் சமன்பாடுதான். நிறை இருந்த இடத்தில் மின்தூண்டல், உராய்வு இருந்த இடத்தில் மின்தடை. ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றொன்று பாதி வந்துவிட்டது. கணக்கில் செலவிடும் நேரம் பல பாடங்களில் ஒரே சமயத்தில் பலன் தருவது இதனால்தான்.

கணக்கு நிஜமாகவே பலவீனம் என்றால் கதவு மூடிவிட்டதா? இல்லை. அமெரிக்காவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004இல் ஒரு மாற்று வழியைத் தொடங்கியது. நுண்கணிதத் தேர்வில் தடுக்கி முதலாண்டிலேயே மாணவர்கள் விலகுவதைக் கண்டு, முதலாண்டுப் பொறியியலுக்கு உண்மையில் தேவைப்படும் கணக்கை மட்டும் எடுத்து, பொறியியல் ஆசிரியர்களே செய்முறைகளோடு சேர்த்து நடத்தினார்கள். பின்னர் வேறு பல கல்லூரிகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. தனியாகப் படிப்பவரும் இதையே செய்யலாம். கணக்கைக் கணக்காக மட்டும் படிக்காமல், ஒவ்வொரு தலைப்பையும் இயற்பியலில் அது வரும் இடத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

மூன்றாம் படி: இயற்பியல்

இங்கே மதிப்பெண் இன்னும் அதிகமாக ஏமாற்றும். 1992இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் விசை பற்றிய கருத்துத் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது, சாதாரண மொழியில் கேள்விகள் மட்டும். வழக்கமான தேர்வுகளில் கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர்களில் பலர் அதில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாசூர் தன் வகுப்பிலும் இதையே கண்டு, கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்.

நீங்களும் பார்த்துவிடுங்கள். ஒரு லாரியும் ஒரு சைக்கிளும் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்தியது? இரண்டும் சமம். மாற்றம் முடுக்கத்தில்தான், ஏனென்றால் நிறை வேறு. நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் மீது விசை உண்டா? உண்டு, புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது, வேகம்தான் பூஜ்யம். அடுத்தது மின்சுற்று. ஒரே மாதிரியான மூன்று பல்புகள். முதல் பல்பு மின்கலத்தோடு தொடரிணைப்பில், மற்ற இரண்டும் தங்களுக்குள் பக்க இணைப்பில். பக்க இணைப்பில் உள்ள ஒன்றைக் கழற்றிவிட்டால் மீதி இரண்டும் என்ன ஆகும்? மொத்தத் தடை கூடுவதால் முதல் பல்பு மங்கும். கழற்றாமல் மிச்சமிருக்கும் பல்பு, முழு மின்னோட்டமும் தன் வழியே போவதால், முன்பைவிடப் பிரகாசமாகும்.

இவற்றில் ஒன்று தப்பினாலும் பயப்பட வேண்டாம். அந்த அத்தியாயத்தை முதல் பத்தியிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இயக்கவியலில் நீங்கள் வளர்த்துக்கொள்ள வேண்டிய ஒரே திறன் எது என்று கேட்டால், தனித்த பொருள் விசைப்படம். ஒரு பொருளை மட்டும் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்து வரைந்து, அதன் மீது வெளியிலிருந்து செயல்படும் ஒவ்வொரு விசையையும் அம்புக்குறியாகப் போடுவது. பள்ளியில் படம் வரையாமலேயே விடை கண்டுபிடித்துவிடலாம். பாலத்தின் சட்டகத்தில் பத்து உறுப்புகள் வரும்போது முடியாது. சிவில், மெக்கானிக்கல் படிக்கப் போகிறவர் இப்போதிருந்தே ஒவ்வொரு கணக்கையும் படத்தோடு தொடங்கட்டும்.

அப்புறம் அலகுகள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த நேரத்தில் அழிந்தது. ஒரு மென்பொருள் கணத்தாக்கை (விசையையும் நேரத்தையும் பெருக்கியது) பவுண்டு விசை-வினாடி அலகில் கொடுக்க, அதை வாங்கிக்கொண்ட இன்னொன்று நியூட்டன்-வினாடி அலகாக எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட 4.45 மடங்கு வித்தியாசம். விடையின் ஓரத்தில் அலகு எழுதாததற்குப் பள்ளியில் அரை மதிப்பெண் போகும். கல்லூரியில் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிப் பழகுகிறவர், தன் தவறுகளில் பெரும்பகுதியைத் தானே பிடித்துவிடுவார்.

இயக்கவியலில் சுமார், ஆனால் மின்காந்தவியலும் குறைகடத்திகளும் பிடிக்கும் என்றால் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் பார்க்கலாம். ஒளியியலில் மட்டும் பலம் என்றால் அதை வைத்தே முடிவெடுக்காதீர்கள். முதலாண்டில் அது சிறிய பங்குதான்.

நான்காம் படி: வேதியியலில் ஏமாறாதீர்கள்

வேதியியல் நன்றாக வருகிறது, எனவே கெமிக்கல் இன்ஜினியரிங் என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்குப் பிடித்தது கரிம வேதியியலின் வினைகளா, அல்லது மோல் கணக்கு, வெப்ப இயக்கவியல், வேதிச் சமநிலை, வினை வேகம் ஆகியவையா? கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பெரும்பகுதி இரண்டாவது ரகம். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு வெப்பம் கடத்த வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்ற கணக்குகள். வினைகளை நினைவில் வைக்கும் திறன் அதில் சிறு பகுதிக்குத்தான் உதவும். புதிய சேர்மங்களை உருவாக்குவதில்தான் ஆர்வம் என்றால் தூய வேதியியல் பட்டப்படிப்பு உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.

சோதனை எளிது. 16 கிராம் மீத்தேன் முழுமையாக எரிய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், என்னென்ன எவ்வளவு வெளிவரும்? 64 கிராம் ஆக்சிஜன் உள்ளே. 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 36 கிராம் நீரும் வெளியே. உள்ளே 80, வெளியே 80. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் இரண்டு பக்கமும் கூட்டிச் சரிபார்க்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் அந்தத் துறையின் முதல் பாடம் உங்களுக்கு வசப்படும்.

வேதியியல் பிடிக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சிமென்ட் நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. கான்கிரீட்டின் வலிமையை வழக்கமாக 28 நாள் கழித்துச் சோதிப்பதும் அதனால்தான். இரும்பு துருப்பிடிப்பது, பேட்டரி வேலை செய்வது எல்லாம் மின்வேதியியல். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு முதலாண்டுத் தேர்வைத் தாண்டினால் பெரும்பாலும் போதும்.

மதிப்பெண் பட்டியல் காட்டாத இரண்டு

முதலாவது, ஒரு பொருளை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன். பொறியியல் வரைபட வகுப்பில் முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டுத் தோற்றங்களைத் தந்து முழு உருவத்தை வரையச் சொல்வார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட அங்கே விழிப்பதுண்டு. "எனக்கு வரைய வராது" என்று ஒதுங்க வேண்டியதில்லை, இது பழகினால் வரும் திறன். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1990களில் இதற்கென்றே ஒரு பயிற்சி வகுப்பை உருவாக்கி, பின்தங்கிய மாணவர்கள் முன்னேறுவதைக் காட்டினார். கையில் கிடைக்கும் ஒரு பெட்டியை, குழாய் இணைப்பை, திருகை எடுத்து மூன்று பக்கமும் பென்சிலில் வரையுங்கள். பிறகு பொருளை மறைத்துவிட்டு, வரைந்ததை மட்டும் பார்த்து முழு உருவத்தை வரையுங்கள். அந்தத் தயக்கம் சில வாரங்களில் குறையும்.

இரண்டாவது, மொழி. பொறியியல் மாணவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்த விபத்தை விசாரித்த குழு, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாகப் பவர்பாயின்ட் பக்கங்களைப் பயன்படுத்திய நாசாவின் வழக்கத்தைத் தன் அறிக்கையில் கண்டித்தது. உயிருக்கு ஆபத்து என்ற விஷயம் துண்டு வரிகளுக்கிடையே புதைந்துபோனது. தெளிவாக எழுதுவது பொறியாளரின் வேலையில் ஒரு பகுதி. ஆய்வக அறிக்கையில் தொடங்கி இறுதியாண்டுத் திட்ட அறிக்கை வரை அது கூடவே வரும். நீங்கள் மொழிப் பாடத்தில் பலமானவர் என்றால் அது வீணாகாது.

பள்ளியில் படித்த மொழி ஒன்று, கல்லூரியில் பாடம் நடக்கும் மொழி வேறு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த அத்தியாயங்களை மட்டும் புதிய மொழிப் புத்தகத்தில் வாசியுங்கள். கருத்து தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் சொற்களில் இருக்கும். தெரியாத கருத்தையும் தெரியாத மொழியையும் ஒன்றாக எதிர்கொள்வதுதான் பலரைத் தவறாக, "எனக்கு இந்தப் படிப்பு வராது" என்று நினைக்க வைக்கிறது.

கணினி அறிவியலும் உயிரியலும்

பள்ளியில் கணினி அறிவியல் படிக்காதவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம், நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்தே தொடங்குவார்கள். அங்கே தேவைப்படும் கணக்கின் சுவை கொஞ்சம் வேறு: தர்க்கம், கணங்கள், வரிசை மாற்றமும் சேர்மானமும், கணிதத் தொகுத்தறிதல், நிகழ்தகவு, அணிகள். நுண்கணிதத்தைவிட இவை உங்களை ஈர்த்தால் நல்ல அறிகுறி. 1937இல் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் பூலியன் இயற்கணிதத்தை (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துச் செய்யும் கணக்கு) மின்சுற்றுகளின் திறப்பு மூடலுக்குப் பொருத்திக் காட்டினார். இலக்கமுறை (டிஜிட்டல்) சுற்றுகளின் வடிவமைப்பு அதன்மீதுதான் நிற்கிறது.

உயிரியல் படித்தவர்களுக்கு பயோமெடிக்கல், பயோடெக்னாலஜி பிரிவுகள் கண்ணில் படும். அவற்றிலும் பாதி பொறியியல்தான், கணக்கு உண்டு. கணக்கிலிருந்து தப்பிக்கும் வழியாக நினைத்துச் சேராதீர்கள்.

ஐந்தாம் படி: பிரிவோடு பொருத்திப் பாருங்கள்

இப்போது உங்கள் மூன்று பத்திகளைத் திரும்ப எடுங்கள். முதல் பத்தியில் விசை, திருப்புத்திறன், திசையன்கள் அதிகம் என்றால் சிவிலும் மெக்கானிக்கலும். அதோடு வெப்ப இயக்கவியலும் இருந்தால் மெக்கானிக்கல் இன்னும் பொருந்தும். மின்சுற்று, கலப்பெண், கண்ணுக்குத் தெரியாததைச் சமன்பாட்டில் கற்பனை செய்வது பிடிக்கும் என்றால் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ். ஆனால் இது சுட்டிக்காட்டும் குறிப்பு மட்டுமே. ஒரு துறையின் மீது உண்மையான ஆசை இருந்து, அதற்கான அத்தியாயங்கள் இரண்டாவது பத்தியில் இருந்தால், ஆசையின் பக்கம் போங்கள். இரண்டாவது பத்தியை முதலாவதாக மாற்ற உழைப்பு போதும். ஆசையும் இல்லை, அத்தியாயங்களும் மூன்றாவது பத்தியில் என்றால் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

ஆறாம் படி: சேர்வதற்கு முன் உள்ள வாரங்கள்

கல்லூரிப் புத்தகங்களை முன்கூட்டியே வாங்கிப் படிக்க வேண்டாம். பள்ளிப் புத்தகமே போதும். நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டாவது பத்தியிலிருந்து ஓர் அத்தியாயம். ஒவ்வொரு சூத்திரத்தையும் வெற்றுத் தாளில் வருவித்துப் பாருங்கள். ஐந்தே கணக்கு போடுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் விடை எந்த அளவில் இருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு 1 கிலோவாட் கெட்டிலில் சூடாக்க எவ்வளவு நேரம்? சில நிமிடங்கள் என்று ஊகித்து, பிறகு கணக்கிட்டு 336 வினாடி என்று பார்ப்பது போல. ஊகமும் விடையும் வெகுதூரம் விலகினால் ஏதோ ஒன்று தப்பு என்று உங்களுக்கே தெரியும்.

ஏழாம் படி: முதல் தேர்வுத்தாள் கைக்கு வந்ததும்

முதல் பருவத்தின் முதல் தேர்வில் மதிப்பெண் சரிவது சகஜம். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி இன்னும் அதிகம். அன்றே உட்கார்ந்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் வகைப்படுத்துங்கள்: புதிய பாடமே புரியாததால் போனது, இயற்கணிதத்திலோ முக்கோணவியலிலோ சறுக்கியதால் போனது, அலகு அல்லது குறித் தவறால் போனது, நேரம் போதாமல் போனது. முதல் வகை அதிகம் என்றால் ஆசிரியரிடமும் உடன் படிப்பவர்களிடமும் அந்த வாரமே கேளுங்கள். இரண்டாவது அதிகம் என்றால் பழைய கணக்குப் புத்தகத்தை ஒரு மாதம் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் வரவில்லை என்று முடிவு கட்ட அது காரணமே இல்லை. அலகும் குறியும் என்றால் விடைத்தாளின் ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதத் தொடங்குங்கள். நேரம் என்றால், அடுத்த தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து முழுவதுமாக எழுதிப் பாருங்கள்.